கோட்டுப் பையில் மறையும் துப்பாக்கி: யார் இந்த ஜான் பிரௌனிங்?

1909 அக்டோபர் 26, சீனாவின் ஹார்பின் ரயில் நிலையம். ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபூமியை கொரிய விடுதலைப் போராளி ஆன் ஜுங்-குன் சுட்டுக் கொன்றார். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் சந்திப்பு. ரயில் பெட்டிக்குள் மனைவியுடன் உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். 1914 ஜூன் 28, போஸ்னியாவின் சரயேவோ நகரம். ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றார்.

ஊர் வேறு, காரணம் வேறு, சுட்டவர்களும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் மூன்று பேர் கையிலும் இருந்தது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் பிஸ்டல். வெளியே எடுக்கும் வரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது. அப்படி மறைத்து வைக்கத் தோதாகத்தான் அதை வடிவமைத்திருந்தார் ஜான் மோசஸ் பிரௌனிங் என்ற அமெரிக்கர்.

பழைய இரும்புக்கு நடுவே வளர்ந்த பையன்

1855 ஜனவரி 23ல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன் ஊரில் பிறந்தவர் பிரௌனிங். அப்பா ஜோனதன் துப்பாக்கி செய்பவர். மார்மன் சபையைச் சேர்ந்தவர். அவருக்கு மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். பட்டறையில் குவிந்து கிடந்த உடைந்த பாகங்கள்தான் ஜானுக்கு விளையாட்டுச் சாமான். பத்து வயசு வாக்கிலேயே அதிலிருந்து ஒரு துப்பாக்கியை ஒட்டுப்போட்டுச் செய்துவிட்டார் என்பார்கள். பள்ளிப் படிப்பு பெரிதாக ஒன்றும் கிடையாது. பொறியியல் படித்தவரும் இல்லை.

1879ல் முதல் காப்புரிமை கிடைத்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிள் அது. சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டு ஆக்டனிலேயே சின்ன அளவில் தயாரித்து விற்றார். 1883ல் வின்செஸ்டர் நிறுவனத்தின் டி.ஜி. பென்னட் ஆக்டனுக்கே நேரில் வந்து, 8,000 டாலருக்கு அதன் உரிமையை வாங்கிப் போனார். அடுத்த இருபது வருஷம் பிரௌனிங் வரைந்து கொடுத்ததையெல்லாம் வின்செஸ்டர் வாங்கிக்கொண்டே இருந்தது. அதில் பல வடிவங்கள் தயாரிப்புக்கே போகவில்லை. போட்டி நிறுவனங்கள் கையில் போய்விடக் கூடாது என்பதற்காகவே வாங்கி அலமாரியில் வைத்தார்கள்.

பிஸ்டல் பக்கம் அவர் வந்ததற்கு 1889ல் நடந்த ஒரு சம்பவம் காரணம். துப்பாக்கி சுடும்போது குழல் வாயிலிருந்து சீறிய வாயு எதிரே இருந்த நாணல் புற்களை வளைத்ததை அவர் கவனித்தார். இந்த விசை வீணாகத்தானே போகிறது, அதை வைத்து அடுத்த தோட்டாவை ஏற்றினால் என்ன என்று யோசித்தார். முதலில் இயந்திரத் துப்பாக்கி வந்தது. பிறகு அந்த யோசனையைக் கைத்துப்பாக்கிக்குக் கொண்டுபோனார். பிஸ்டலில் வாயுவுக்குப் பதிலாகப் பின்னுதைப்பைப் பயன்படுத்தினார். குண்டு முன்னே பாயும்போது பின்னால் உதைக்கிறது அல்லவா, அந்த உதையே காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றிவிடும்.

பாக்கெட்டில் வைப்பதில் என்ன சிக்கல்?

ஒளித்து வைக்கும் துப்பாக்கி அதற்கு முன்னால் இல்லாமல் இல்லை. 1865ல் ஆபிரகாம் லிங்கனைக் கொல்லப் பயன்பட்டது டெரிஞ்சர் என்ற உள்ளங்கை அளவு பிஸ்டல். ஆனால் அதில் ஒரே ஒரு குண்டுதான். குறி தவறினால் அவ்வளவுதான். ஐந்தாறு குண்டு வேண்டும் என்றால் ரிவால்வர். அதன் சுழலும் உருளை நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் துருத்தி நிற்கும் சுத்தி, அவசரத்தில் உருவும்போது கோட்டுத் துணியில் மாட்டிக்கும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. உடம்போடு ஒட்டி வைத்திருக்கும் ஆயுதம் தானாக வெடித்துவிடக் கூடாது. மேசை டிராயரில் கிடக்கும் துப்பாக்கிக்கும், நடக்க, உட்கார, குனிய கூடவே வரும் துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இன்று கடையில் சின்ன பிஸ்டல் தேடுபவரும் இதையேதான் பார்க்கிறார்: தடிமன் எவ்வளவு, துணியில் சிக்குமா, கீழே விழுந்தால் வெடிக்குமா, எத்தனை குண்டு, அந்தக் குண்டுக்கு வலு இருக்கிறதா. எல்லாமே ஒரே துப்பாக்கியில் கிடைக்காது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

பிரௌனிங்கின் விடை தட்டையான வடிவம். தோட்டாக்களை உருளையில் வைக்காமல், கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மேகஸினில் அடுக்கினார். மேலே முன்னும் பின்னும் நகரும் ஒரு எஃகு உறை. அதுதான் ஸ்லைடு. இன்று எந்த சினிமாவிலும் ஹீரோ சரக்கென்று பின்னால் இழுத்து விடுகிறாரே, அந்தப் பாகம். ஸ்லைடு வைத்து முதலில் சந்தைக்கு வந்த பிஸ்டல் பிரௌனிங்கின் 1900 மாடல்தான்.

பெல்ஜியம் எப்படி வந்தது?

பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டல் என்ற ஊர். அங்கே 1889ல் தொடங்கப்பட்டது ஃபாப்ரிக் நாசியோனால், சுருக்கமாக எஃப்என். பெல்ஜிய ராணுவத்துக்கு மௌசர் ரைஃபிள் செய்து தருவதற்காகவே உண்டான ஆலை. அந்த ஆர்டர் முடிந்ததும் வேலை இல்லாமல் தவித்து, சைக்கிள் தயாரிப்பில்கூட இறங்கியது. 1897ல் அதன் வணிகப் பிரதிநிதி ஹார்ட் பெர்க் அமெரிக்கா போனபோது பிரௌனிங்கின் பிஸ்டலைப் பார்த்தார். அந்த ஜூலையிலேயே ஒப்பந்தம் முடிந்தது. வட அமெரிக்கச் சந்தை கோல்ட் நிறுவனத்துக்கு, ஐரோப்பா எஃப்என்னுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

1900 மாடலின் நீளம் 16 சென்டிமீட்டர் சொச்சம். எடை 625 கிராம். மேகஸினில் ஏழு குண்டு. இதற்கென்றே பிரௌனிங் உருவாக்கிய 7.65 மி.மீ தோட்டாவைத்தான் இன்றும் உலகம் .32 ஏசிபி என்கிறது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்றாலே பிஸ்டல் என்று அர்த்தமாகிவிட்டது.

1903ல் கோல்ட் வெளியிட்ட பாக்கெட் மாடலில் அவர் சுத்தியை ஸ்லைடுக்குள்ளேயே மறைத்துவிட்டார். துணியில் மாட்ட எதுவும் இல்லை. கைப்பிடியின் பின்பக்கத்தில் ஒரு பட்டை. உள்ளங்கையால் அதை இறுக்கிப் பிடித்தால்தான் சுட முடியும். பாக்கெட்டில் சும்மா கிடக்கும்போது விசையில் ஏதாவது பட்டாலும் வெடிக்காது. 1945 வரை இந்தத் துப்பாக்கி தயாரிப்பில் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஐசன்ஹோவர் உள்ளிட்ட அமெரிக்கத் தளபதிகளுக்கு வழங்கப்பட்டதும் இந்த வடிவம்தான்.

1906ல் இன்னும் சின்னதாக ஒன்று செய்தார். நீளம் 11 சென்டிமீட்டர், எடை 400 கிராமுக்கும் குறைவு. கோட்டுக்குள் போடும் வெயிஸ்ட்கோட் பையிலேயே அடங்கும். அளவு குறைந்ததற்கு விலையும் உண்டு. 6.35 மி.மீ குண்டு ரொம்பச் சின்னது, குழலும் குட்டை, பிடிக்க இரண்டு விரலுக்குத்தான் இடம். பத்தடிக்கு அப்பால் குறி வைப்பது சிரமம். சின்னது என்பதால் சுலபம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் துப்பாக்கி சுருங்கச் சுருங்க அதைச் சரியாகச் சுடுவது கஷ்டமாகிக்கொண்டே போகும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது 1910 மாடல். ஸ்பிரிங்கைக் குழலைச் சுற்றியே பொருத்திவிட்டதால் மேல்பகுதி மெலிந்து, கூழாங்கல் மாதிரி வழவழப்பாகிவிட்டது. மூன்று விதமான பாதுகாப்புப் பூட்டுகள் இருந்தன. மேகஸினைக் கழற்றிவிட்டால், உள்ளே ஒரு தோட்டா மிச்சம் இருந்தாலும் விசை வேலை செய்யாது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஐரோப்பாவில் வந்த பல பாக்கெட் பிஸ்டல்களில் இதன் சாயலைப் பார்க்கலாம்.

வாங்கியவர்கள் யார், சுட்டவர்கள் யார்?

நகை வியாபாரி, வங்கிக் காசாளர், இரவில் ஊர் திரும்பும் டாக்டர். எஃப்என்னும் கோல்ட்டும் மனதில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். ஆனால் மறைத்து வைக்க வசதியான ஆயுதம் யாருக்கு அதிகம் தேவைப்படும்? உடல் சோதனையும் காவலும் உள்ள இடத்துக்குள் நுழைய வேண்டியவனுக்கும்தான்.

அதை முதலில் காட்டியது பின்லாந்து. 1904 ஜூனில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவை ஹெல்சிங்கி செனட் மாடிப்படியில் யூஜென் ஷௌமன் என்பவர் 1900 மாடலால் மூன்று முறை சுட்டார். சீருடையில் குத்தியிருந்த பதக்கங்கள் சில குண்டுகளைத் திசைதிருப்பின. ஒரு குண்டு பெல்ட் பக்கிளில் பட்டுச் சிதறி வயிற்றுக்குள் போனது. அடுத்த நாள்தான் அவர் இறந்தார். ஷௌமன் அதே இடத்தில் தன்னையே சுட்டுக்கொண்டார். மணியாச்சியில் வாஞ்சிநாதன் செய்ததும் அதுவே. நடைமேடைக் கழிவறைக்குள் ஓடி, வாயில் சுட்டுக்கொண்டு இறந்தார். அவருடைய கதையைச் சொல்லும்போது புதுச்சேரி, வ.வே.சு. ஐயர், ரகசியப் பயிற்சி எல்லாம் வரும். துப்பாக்கி மட்டும் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துபோய்விடும்.

அரசுகளுக்கும் பயம் வராமல் இல்லை. மணியாச்சி சம்பவம் நடந்த அதே 1911ல், நியூயார்க் மாகாணம் சல்லிவன் சட்டத்தைக் கொண்டுவந்தது. மறைத்து வைக்கக்கூடிய அளவுள்ள துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம், இல்லாமல் எடுத்துப்போனால் கடும் குற்றம். கையில் தெரியும்படி ரைஃபிள் வைத்திருப்பவனைவிட, கோட்டுப் பைக்குள் கைவிட்டு நிற்பவனைக் கண்டுதான் நகரம் மிரண்டது.

சரயேவோ விவகாரத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரின்சிப்பின் துப்பாக்கி 1900 மாடல் என்று பல புத்தகங்கள் எழுதிவந்தன. அது 1910 மாடல், 9 மி.மீ ஷார்ட் ரகம். சதிகாரர்களிடம் அப்படி நான்கு பிஸ்டல்கள் இருந்தன. பிரின்சிப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் துப்பாக்கி இப்போது வியன்னா ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஆண்டுதான் எஃப்என் ஆலை பத்து லட்சமாவது பிரௌனிங் பிஸ்டலைக் கொண்டாடியது. பெல்ஜிய அரசு பிரௌனிங்குக்கு லியோபோல்ட் விருதும் கொடுத்தது. சரயேவோவில் சுட்ட சில வாரங்களில் உலகப்போர் மூண்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஜெர்மானியப் படை முதலில் தாக்கிய நகரங்களில் ஒன்று லியேஜ், அதாவது அந்தத் துப்பாக்கி பிறந்த இடம். எஃப்என் ஆலையும் ஜெர்மானியர் வசம் போனது.

இந்தியர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1948 ஜனவரி 30ல் காந்தியைச் சுட்ட கோட்சேயின் பிஸ்டல் இத்தாலியின் பெரெட்டா. அதை பிரௌனிங் செய்யவில்லை. ஆனால் அதில் இருந்த 9 மி.மீ ஷார்ட் தோட்டா, பாக்கெட் பிஸ்டலுக்குக் கொஞ்சம் கூடுதல் வலு வேண்டும் என்று 1908ல் பிரௌனிங் கொண்டுவந்ததுதான்.

கடைசி நாள் வரை பட்டறை

வின்செஸ்டருடன் 1902ல் முறிவு வந்தது. தன் தானியங்கி ஷாட்கன்னுக்கு மொத்த விலைக்குப் பதிலாக விற்பனையில் பங்கு கேட்டார் பிரௌனிங். பென்னட் மறுத்துவிட்டார். ரெமிங்டன் நிறுவனத்துக்குப் போய் அதன் தலைவரைப் பார்க்கக் காத்திருந்தபோதே, அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துபோனார். கடைசியில் துப்பாக்கியோடு கப்பலேறி எஃப்என்னிடமே கொடுத்தார். அதுவும் பெரிய வெற்றி.

ராணுவத்துக்கு அவர் செய்ததைப் பார்த்தால் பாக்கெட் பிஸ்டலின் எல்லை புரியும். எதிரியை உடனே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கேட்டது. அவர் .45 குண்டு போடும், ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள எம்1911ஐக் கொடுத்தார். 6,000 குண்டுகள் சுட்டும் சோதனையில் ஒரு முறைகூட அது சிக்கவில்லை. வலு உண்டு, ஆனால் பாக்கெட்டில் அடங்காது, இடுப்பில் உறை போட்டுத்தான் மாட்ட வேண்டும். முதல் உலகப்போரின்போது தன் ஆயுதங்களின் உரிமைகளை 7,50,000 டாலருக்கு அரசுக்கு விட்டுக்கொடுத்தார். வழக்கமான ராயல்டி கேட்டிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும்.

1926 நவம்பர் 26. ஹெர்ஸ்டல் ஆலையில் மகன் வாலின் அறையில், ஒரு புது பிஸ்டல் வடிவத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 71. அவர் பெயரில் அப்போது 128 காப்புரிமைகள் இருந்தன. அவர் விட்டுப்போன ஒரு வடிவத்தை எஃப்என் பொறியாளர் டியூடோனே சைவ் திருத்தி, 13 குண்டு கொள்ளும் ஹை பவர் பிஸ்டலாக 1935ல் கொண்டுவந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அந்த வடிவத்தையே மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் ஆலை இந்தியப் படைகளுக்காக 9 மி.மீ 1ஏ என்ற பெயரில் தயாரித்தது.