வானுக்குப் பெயரிடும் உரிமை

பெயரில்லாத பொருளுக்கு வழக்காடுவார் இல்லை என்பது நியாயஸ்தலங்களில் பழகியவர் நன்கறிந்த உண்மை. ஒரு நிலத்துக்குப் பெயரும் எல்லையும் ஏற்பட்ட பிறகே அதன்மீது ஒருவனுக்குப் பற்றும் பாத்தியமும் உண்டாகின்றன. ஆகாயம் எவருடைய சொத்துமன்று. ஆயினும் அங்குள்ள பொருள்களுக்குத் தாமே பெயரிட்ட ஜனங்கள் அவற்றை மறப்பதில்லை. பிறர் இட்ட பெயரை ஏட்டில் உருப்போட்டவர்களோ நிமிர்ந்து பார்ப்பதுமில்லை.

தீபத் திருநாள் கழிந்த சில தினங்களுக்குப் பின் நாம் திருவண்ணாமலையில் தங்கியிருந்தோம். ரமணாசிரமத்துக்கு அப்பால், செங்கம் சாலையோரம், முன்னிரவில் பள்ளிச் சிறார் சிலரைக் கண்டு, கார்த்திகை எங்கே என்று வினவினோம். மலைமேல் ஏற்றிய கொப்பரையைக் காட்டினார்களேயன்றி, வானத்தைக் காட்டியவர் இலர். மாதத்துக்கும் விழாவுக்கும் பெயர் தந்த நட்சத்திரக் கூட்டம் கீழ்வானில் அவர்கள் தலைக்கு நேரே எழுந்துகொண்டிருந்தது. தீபத்தன்று முழுமதி அதன் அருகே நிற்பதால் அதன் ஒளி மங்கிவிடும். மற்ற நாட்களில் தெருவிளக்குகள் அதனை மறைத்துவிடுகின்றன. ஒரே ஒரு சிறுமி மட்டும், பாட்டி காட்டியதென்று கூறி, விரலை நீட்டி ஆறு மீன்களையும் எண்ணினாள்.

இந்தச் செங்கம் சாலை செல்லும் வடமேற்குத் திசையில் ஜவ்வாது மலை இருக்கின்றது. அம்மலையிலுள்ள காவலூரை உலக வானசாஸ்திரிகள் அறியும்படி செய்த ஸ்ரீ வைணு பாப்புவின் வரலாறு அன்றிரவு நம் நினைவுக்கு வந்தது. அதனை நம் வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

பாப்பு 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி சென்னையில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஹைதராபாத்திலுள்ள நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் வகித்தவர். பிற பிள்ளைகள் பம்பரம் சுற்றும் பருவத்தில் இப்பிள்ளைக்குத் தூரதிருஷ்டிக் கண்ணாடி கைக்கெட்டும் பொருளாயிருந்தது. கல்லூரி மாணவராயிருக்கையிலேயே ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். ஹைதராபாத் சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா சென்று ஹார்வர்டு சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கு சென்ற ஆண்டிலேயே, 1949 ஜூலை மாதத்தில், தாம் எடுத்த புகைப்படத் தகட்டில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். உடனிருந்து உறுதி செய்த இருவர் பெயரும் சேர்ந்து, அது பாப்பு–பாக்–நியூகர்க் என வழங்கலாயிற்று. வால்நட்சத்திரத்துக்குக் கண்டவர் பெயரே நிலைப்பது வழக்கம். இருபத்திரண்டு வயது நிரம்பாத இந்திய இளைஞன் பெயர் இவ்வாறு ஆகாயத்தில் பதிவாயிற்று.

பின்னர் வில்சன் என்ற அறிஞருடன் கூடி, ஒருவகை நட்சத்திரங்களின் ஒளியில் கால்சியத்தால் உண்டாகும் கோட்டின் அகலத்தை அளந்து, அவற்றின் உண்மைப் பிரகாசத்தையும் அதிலிருந்து தூரத்தையும் கணிக்கும் முறையை வகுத்தார். 1957-இல் வெளியான இம்முறை அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது.

அயல்நாட்டில் அவருக்குக் குறைவொன்றுமிருந்திராது. எனினும் தாயகம் திரும்பினார். நைனிதாலில் வானாராய்ச்சி நிலையத்தை நிறுவிய பின், 1960-இல் கொடைக்கானல் நிலையத்தின் தலைமையை ஏற்றார். அது சூரிய ஆராய்ச்சிக்குப் பேர்போனது. இரவு வானத்தை ஆராயத் தகுந்த பெரிய கருவிகள் நம் நாட்டில் அக்காலத்தில் இல்லை. ஆகவே விளக்கொளி எட்டாத, மேகம் குறைந்த மலையைத் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் 38 சென்டிமீட்டர் கருவியுடன் அங்கே வேலை தொடங்கிற்று. 1972-இல் ஒரு மீட்டர் கருவி வந்தது. 1977-இல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்களிருப்பதைக் கண்டறிந்த நிலையங்களுள் காவலூரும் ஒன்று. இதனோடு அவர் திருப்தியடையவில்லை. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள பெருங்கருவியை நம் நாட்டிலேயே, நம்மவர் கைகளாலேயே செய்து முடிக்க வேண்டுமென்று உறுதி பூண்டார். அது முற்றுப்பெறுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1982 ஆகஸ்டு 19-ஆம் தேதி ஜெர்மனியில் மியூனிக் நகரில் உயிர் நீத்தார். 1986-இல் அந்நிலையத்துக்கும் கருவிக்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றது.

அவர் மரிக்கும்போது சர்வதேச வானியற் சங்கத்தின் தலைவராயிருந்தார். விண்ணிலுள்ள பொருள்களுக்குப் பெயர் வழங்கும் அதிகாரம் பெற்ற சபை இதுவே. அதன் ஆசனத்தில் நம்மவரொருவர் அமர்ந்திருந்தார் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

பெயரிடுவது முதியோர்க்கே உரியதென்று எண்ண வேண்டாம். 1930-இல் புளூட்டோவுக்கு அப்பெயரைச் சொன்னவள் ஆக்ஸ்போர்டு நகரத்துப் பதினொரு வயதுச் சிறுமி. மேற்கூறிய சங்கம் தன் நூற்றாண்டாகிய 2019-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கிரகத்தையும் ஒதுக்கி, பொதுஜனங்களே பெயர் தேர்க என்றது. நம் தேசம் அந்நட்சத்திரத்துக்கு, அணுத்துகளாராய்ச்சியில் சிறந்த வங்கப் பெண்மணி விபா சௌத்ரியின் பெயரையும், கிரகத்துக்கு சந்தமசா என்ற பெயரையும் இட்டது. விபா என்பதைக் கூறியவர் ஒரு கல்லூரி மாணவர். சந்தமசா என்பதைக் கூறியவன் புனே நகரத்துப் பதின்மூன்று வயதுப் பள்ளிச் சிறுவன். 1988-இல் காவலூரில் கண்ட சிறு கிரகமொன்றுக்கு நம் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

இவ்விஷயத்தில் சங்கத்தின் விதியொன்றை நம் ராஜீயத் தோழர்களுக்கு நினைவூட்டுகின்றோம். அரசியலிலும் போரிலும் பெயர்பெற்றவர்களின் பெயரை, அவர்கள் காலமாகி நூறு ஆண்டு கழியாமல் சிறு கிரகங்களுக்கு இடலாகாது. தெருவுக்கும் பாலத்துக்கும் பெயர் வைப்பதில் நாம் போடும் சண்டைகளை எண்ணினால், இவ்விதியின் விவேகம் விளங்கும்.

பெயர்ப் போட்டி நடத்திப் பரிசு கொடுப்பதோடு வேலை முடிந்ததென்று உபாத்தியாயர்கள் எண்ணிவிடலாகாது. காணாத பொருளுக்கு இட்ட பெயர் காற்றில் எழுதிய எழுத்து. முதலில் பிள்ளைகளை மாதத்துக்கு ஓரிரவேனும், விளக்கை அணைத்து, மைதானத்தில் நிறுத்துங்கள். அறுமீன், எழுமீன் என்று நம் முன்னோர் எண்ணி இட்ட பெயர்களைச் சொல்லிக் காட்டுங்கள். பிறகு பெயரற்றவற்றுக்கு அவர்களே பெயர் தேடட்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை. நெஞ்சத்தில் விருப்பமே வேண்டும்.

ஜவ்வாது மலைமீது பாப்பு வானத்துக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்துச் சென்றார். அதற்கு இத்தனை அருகிலிருக்கும் ஊரில் நாம் கண்ட சிறார் பலருள் ஒருத்தியே ஆறு மீன்களை எண்ணினாள். அவளுக்கு அதைக் காட்டியது பள்ளிக்கூடமன்று, பாட்டி. அடுத்த கார்த்திகைக்குள் அந்த வெட்கத்தைத் துடைப்பது நம் பள்ளிகளின் கடமை.