பதினாலு வயசில் பள்ளிக்கூடம் போனவர்



ஹெலன் கெல்லரை எல்லாருக்கும் தெரியும். நான் எழுதப் போவது அவருடைய டீச்சர் ஆன் சல்லிவன் பற்றி.

இவர் 1866-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே கண் நோய் வந்து பார்வை மங்கிவிட்டது. அம்மா இறந்துவிட்டார். அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். 1876-ல் ஆனையும் தம்பி ஜிம்மியையும் அநாதைகளும் ஏழைகளும் இருக்கும் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். சில மாதத்திலேயே தம்பியும் இறந்துபோனான்.

ஒரு நாள் அந்த விடுதியைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். ஆன் அவர்கள் முன்னால் ஓடிப் போய், பள்ளிக்கூடம் போகணும் என்று அழுதார். அதனால் 1880-ல் அப்போது பாஸ்டனில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் இடம் கிடைத்தது. அப்போ அவருக்கு வயசு 14. என் வயசுதான்! ஆனால் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். அவர் விடவில்லை. ஆபரேஷன் செய்து பார்வை கொஞ்சம் வந்தது. 1886-ல் வகுப்பிலேயே முதல் மாணவியாகப் படித்து முடித்தார்.

1887 மார்ச் 3-ம் தேதி அலபாமாவில் ஹெலன் வீட்டுக்கு டீச்சராகப் போனார். ஹெலனுக்கு அப்போ ஆறு வயசு. கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. எல்லார் தட்டிலும் கை விட்டு எடுத்துச் சாப்பிடுவாள். டீச்சரையே அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை ஒளித்து வைத்துவிட்டாள். அப்பா ஏணி வைத்துத்தான் டீச்சரை இறக்கினார். ஒரு தடவை அடித்த அடியில் டீச்சருக்குப் பல்லே போய்விட்டது.

வீட்டில் எல்லாரும் பாவம் பார்த்து அவள் இஷ்டத்துக்கு விட்டதால் பாடமே நடத்த முடியவில்லை. அதனால் ஆன், பக்கத்தில் இருந்த சின்ன வீட்டுக்கு அவளை மட்டும் கூட்டிப் போனார். அங்கே தானாகச் சாப்பிட, உடுத்த, மணி கோர்க்கப் பழக்கினார். முதலில் பழக்கம், நம்பிக்கை. அப்புறம்தான் பாடம். உள்ளங்கையில் விரலால் எழுத்துக்களைக் காட்டிக்கொண்டே இருந்தார். ஹெலனுக்கு அர்த்தம் புரியவில்லை.

ஏப்ரல் 5-ம் தேதி பம்படியில் ஒரு கையில் தண்ணீர் கொட்ட, மறு கையில் தண்ணீர் என்று எழுதினார். சட்டென்று புரிந்துவிட்டது! எல்லாப் பொருளுக்கும் பெயர் இருக்கிறது என்று ஹெலன் தெரிந்துகொண்டாள். அன்றைக்கே நிறையச் சொற்கள் கற்றாள். 1904-ல் கல்லூரிப் பட்டமும் வாங்கினார். அங்கேயும் பாடங்களைக் கையில் எழுதிக் காட்டியது ஆன் தான். 1936-ல் இறக்கும் வரை ஹெலனோடுதான் இருந்தார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் தெருவில் ஒன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்திக்குச் சாயங்காலம் நான் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் சிலேட்டைத் தூக்கி எறிவாள். நான் கையை இழுத்துப் பிடித்து எழுத வைப்பேன், அவள் அழுவாள். இவளுக்குப் படிப்பே வராது என்று அவள் அம்மாவிடமே சொல்லிவிட்டேன். ஆன் கதை தெரிந்த பிறகு அது எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போ சிலேட்டை எடுப்பதில்லை. முதலில் புளியங்கொட்டை வைத்து விளையாடுகிறோம். போன வாரம் அவளே கொட்டைகளை வரிசையாக வைத்து 'ட' போட்டாள். கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் 'ட' தான்.

தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் தோழிகளே, அவசரப்படாதீங்க. முதலில் அவங்க நம்மகிட்ட வரட்டும், படிப்பு பின்னாடியே வரும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி