ஏதென்சுக்கு வழி காட்டிய கிராம மருத்துவர்

ஒலிம்பிக் விளையாட்டுக்கு மறுவாழ்வு தந்தவர் பிரெஞ்சு நாட்டுக் கூபர்டின் பிரபு என்று படித்திருக்கிறோம். அவருக்கே வழிகாட்டியாய் நின்ற ஆங்கிலேய மருத்துவர் ஒருவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வில்லியம் பென்னி புரூக்ஸ் 1809ஆம் ஆண்டு இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த மச் வென்லாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையும் மருத்துவரே. லண்டனிலும் பாரிசிலும் மருத்துவம் பயின்ற மகன், பெருநகர வாழ்வை நாடாமல் பிறந்த ஊருக்கே திரும்பினார்.

நோய்க்கு மருந்து கொடுப்பதோடு தம் கடமை முடிந்ததென்று அவர் எண்ணவில்லை. உழைக்கும் மக்களின் அறிவு வளர 1841இல் வாசிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார். அவர்களுடைய உடல்நலம் பேண, 1850 அக்டோபரில் விளையாட்டு விழா ஒன்றைத் தொடங்கினார். திருவிழா நாட்களில் ஓடியும் தாண்டியும் மகிழ்வது ஆங்கிலக் கிராமங்களின் பழைய வழக்கம். அதனுடன் கிரேக்கரின் ஒலிம்பிக் மரபை இணைத்தார் புரூக்ஸ். ஓட்டம், தாண்டுதல், கிரிக்கெட், கால்பந்து, வளையம் எறிதல் எல்லாம் நடந்தன. ஒருமுறை ஒரு பவுண்டு தேயிலையைப் பரிசாக வைத்து மூதாட்டிகளுக்கும் ஓட்டப்பந்தயம் நடத்தினார்கள்!

ஆனால் எதிர்ப்பும் எழுந்தது. உடலுழைப்பால் பிழைப்போரைப் போட்டியில் சேர்க்கலாகாது என்று லண்டன் கனவான்கள் சிலர் விதி செய்தனர். புரூக்ஸ் அதற்கு இணங்கவில்லை. 1866இல் அவரும் நண்பர்களும் லண்டனிலேயே தேசிய விளையாட்டு விழாவை நடத்திக் காட்டினர். பள்ளிகளில் உடற்பயிற்சி வேண்டுமென்று அரசை ஓயாது வற்புறுத்தினார். உலக நாடுகள் கூடும் ஒலிம்பிக் விழாவை ஏதென்சில் நடத்தக் கோரிக் கிரேக்க நாட்டுக்கும் எழுதினார். அவர் காலத்தில் அது கைகூடவில்லை.

1890இல் 27 வயதுக் கூபர்டின் வென்லாக்கிற்கு வந்தார். 81 வயது மருத்துவர் அவருக்காகவே ஒரு விழா எடுத்து, அவர் வருகையின் நினைவாக ஓக் மரம் ஒன்றையும் நடச் செய்தார். முதியவரின் கனவு இளைஞரின் உள்ளத்திலும் வேரூன்றியது.

1894இல் பாரிசில் கூடிய மாநாட்டுக்குப் புரூக்ஸ் அழைக்கப்பட்டும், உடல்நலம் குன்றியதால் செல்ல இயலவில்லை. 1895 டிசம்பரில் இறைவனடி சேர்ந்தார். நான்கே மாதங்களில், 1896 ஏப்ரலில், ஏதென்சில் ஒலிம்பிக் ­விழா தொடங்கியது. அதைக் காண அவர் இல்லை.

எனினும் அவர் உழைப்பு வீண்போகவில்லை. வென்லாக் விளையாட்டுகள் இன்றும் நடைபெறுகின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் சின்னப் பொம்மைக்கு வென்லாக் என்றே பெயரிட்டனர்.

தோழியரே, விதைப்பவர் எல்லாரும் கனியைச் சுவைப்பதில்லை. ஆயினும் விதைப்பதை நிறுத்தாதவரே பெரியோர். நம் விளையாட்டு விழாவில் ஓடும்போது அந்த மருத்துவரையும் ஒரு கணம் நினைப்போம்.