தாகூர் வீட்டு மருமகள்

மகாகவி இரவீந்திரநாத் தாகூரை அறியாத மாணவி நம் பள்ளியில் இருக்கமாட்டாள். ஆனால் அவருடைய அண்ணியார் ஞானதாநந்தினி தேவியைப் பற்றி நாங்கள் இவ்வாண்டுதான் அறிந்தோம். அன்று முதல் எங்கள் வகுப்பில் அவரைப் பற்றியே பேச்சு!

அம்மையார் 1850-ஆம் ஆண்டில் வங்காளத்து ஜெசூர் மாவட்டத்தில் பிறந்தார். ஏழெட்டு வயதிலேயே தேவேந்திரநாத் தாகூரின் இரண்டாம் மகன் சத்யேந்திரநாத்துக்கு மணம் முடிக்கப்பட்டு, கல்கத்தாவில் ஜோராசாங்கோ மாளிகைக்கு மருமகளாக வந்தார்.

அக்காலத்தில் அத்தகைய பெரிய வீடுகளில் ஆண்கள் வெளியே செல்ல நீண்ட அங்கி, சால்வை, காலணி எல்லாம் உண்டு. அந்தப்புரத்துப் பெண்களுக்கோ ஒற்றைச் சேலைதான். ரவிக்கையும் இல்லை, உள்பாவாடையும் இல்லை. வெளியே போகாதவளுக்கு அவை எதற்கு? அந்த மெல்லிய சேலையோடு வெளியே வரவும் முடியாது. வெளியே போகாததால் உடை இல்லை. உடை இல்லாததால் வெளியே போக வழியில்லை.

இதைப் படித்தபோது எங்கள் வீடுகளின் நினைவு வந்தது. வெயில் காலத்தில் அண்ணன் சட்டையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். விருந்தினர் வந்தாலும் எழுந்திருக்க மாட்டான். நாங்களோ வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே துப்பட்டாவைத் தேடி ஓடுகிறோம். அவனுக்கு மட்டும் ஏன் விலக்கு என்று கேட்டால் பாட்டி கண்ணை உருட்டுவார். போகட்டும், கதைக்கு வருவோம்.

சத்யேந்திரநாத் 1863-இல் ஐ.சி.எஸ். தேர்வில் வெற்றி பெற்ற முதல் இந்தியரானார். 1864-இல் அவருக்குப் பம்பாய் மாகாணத்தில் பதவி கிடைத்தது. மனைவியையும் அழைத்துச் செல்லத் தந்தையார் இசைந்தார். ஆனால் என்ன உடுத்துவது? பிரெஞ்சுக் கடை ஒன்றில் ஓர் உடை தைக்கச் சொன்னார்கள். கணவர் உதவியின்றி அதை அணியவே முடியவில்லையாம்! வீட்டு வாயிலில் வண்டி ஏறுவதற்கும் மாமனார் அனுமதிக்கவில்லை. கப்பல் வரை மூடுபல்லக்கில்தான் சென்றார்.

பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் தங்கியபோது, அவ்வீட்டுப் பெண்கள் சேலை கட்டும் முறையைக் கவனித்துக் கற்றார். அதில் தாமே சில மாற்றங்கள் செய்து, முந்தானையை இடது தோளில் இட்டார். வலது கை வேலைக்கு விடுபட்டது. ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்ந்தன. ஊர் திரும்பியதும், விரும்பிய பெண்களுக்கு இதைக் கற்றுத் தருவதாக ‘வாமாபோதினி பத்திரிகா’வில் விளம்பரமும் கொடுத்தார். பிரம்ம சமாஜப் பெண்கள் பலர் அம்முறையை ஏற்றனர்.

1866-இல் கல்கத்தா அரசு மாளிகையில் வைசிராய் லாரன்ஸ் அளித்த விருந்துக்கு அம்மையார் சென்றார்.  அங்கிருந்த உறவினர் பிரசன்னகுமார் தாகூர், தம் குலத்து மருமகளைச் சபையில் கண்டதும் வெட்கமும் கோபமும் கொண்டு வெளியேறினார். அவரும் விருந்துக்கு வந்தவர்தானே என்று எங்கள் தோழி ஒருத்தி கேட்டாள்.

1877-இல் மூன்று குழந்தைகளோடு, கணவர் துணையின்றி, அம்மையார் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இம்முறை பிரெஞ்சுக் கடை உடை தேவைப்படவில்லை. 1885-இல் சிறுவர்களுக்காக ‘பாலக்’ என்னும் இதழை நடத்தினார். கொழுந்தனார் இரவீந்திரநாத்தும் அதில் எழுதினார். இருவரும் 1941-ஆம் ஆண்டிலேயே மறைந்தனர்.