கொட்டிலில் தொடங்கிய பள்ளி

தென் ஆஸ்திரேலியாவிலுள்ள பெனோலா என்னும் சிற்றூரில், 1866ஆம் ஆண்டு, குதிரைக் கொட்டில் ஒன்றைச் செப்பனிட்டுப் பள்ளிக்கூடமாக்கித் தந்தார் ஓர் இளைஞர். அங்குக் கற்பிக்க வந்தவர் அவருடைய தமக்கை மேரி மெக்கிலப். அப்போது அம்மையாருக்கு வயது 24.

ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1842 ஜனவரி 15இல் மெல்போர்னில் தலைமகளாகப் பிறந்தவர் மேரி. உடன்பிறந்தோர் எழுவர். தந்தை கற்றவர், ஆனால் கைவைத்த தொழிலெல்லாம் நொடித்தது. குடும்பம் பலமுறை உறவினர் நிழலில் ஒதுங்க நேர்ந்தது. ஆகவே மகள் பதின்பருவத்திலேயே எழுதுபொருள் விற்பனை நிறுவனத்தில் எழுத்தரானார். பின்னர் 1860இல், பெனோலாவில் உறவினர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாகச் சென்றார். அவ்வூர்ப் பங்குத்தந்தை ஜூலியன் டெனிசன் வுட்ஸ் பாறைகளையும் செடிகொடிகளையும் ஆராய்ந்த அறிஞர். காட்டுப்புறங்களில் எழுத்தறியாது வளரும் ஏழைக் குழந்தைகளைப் பற்றிய கவலை இருவருக்கும் பொதுவாயிருந்தது. அக்கவலையே புனித சூசையப்பர் கன்னியர் சபையாக உருப்பெற்றது.

இச்சபையார் உயர்ந்த மதில்களுக்குள் வாழவில்லை. பழுப்பு அங்கி அணிந்து, இருவர் மூவராகத் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் சென்று, ஏழைகள் வாழ்ந்தது போன்ற சிறு வீடுகளில் தங்கினர். கட்டணம் தர இயலாத பிள்ளையை அவர்கள் திருப்பியனுப்பியதில்லை. பிச்சையேற்று உண்டனர். இசைக்கருவி கற்பிப்பதையும் சபையின் முதல் விதிகள் விலக்கின. கவிஞர்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் பியானோ வகுப்பு அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைத் தனியே பிரித்து அமர்த்துவதற்குரிய வழியாகவும் இருந்தது என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். 1869 இறுதிக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட சகோதரிகள் 21 பள்ளிகளில் கற்பித்தனர்.

சிக்கல் ஆட்சிமுறையில் எழுந்தது. ஆயர்கள், தத்தம் மறைமாவட்டத்துக் கன்னியர் தமக்கே அடங்க வேண்டுமென்றனர். மேரியோ, சபை முழுவதற்கும் சகோதரிகளே தெரிந்தெடுக்கும் ஒரு தலைவி வேண்டுமென்றார். இல்லையேல் தேவைப்படும் ஊருக்கு ஆசிரியரை அனுப்புதல் இயலாது என்பதை உணர்ந்திருந்தார். இதனோடு கடன் சுமையும், வுட்ஸ்மீது குருக்கள் சிலர் கொண்டிருந்த பகையும் சேர்ந்தன. கபுண்டா ஊரில் குருவானவர் ஒருவர் குழந்தைகளிடம் தகாத முறையில் நடந்ததைச் சகோதரிகள் மேலிடத்துக்கு அறிவித்ததும் அப்பகைக்கு ஒரு காரணம் என்னும் செய்தி, 2010இல் பரவலாகப் பேசப்பட்டது.

1871 செப்டம்பர் 22 அன்று அடிலெய்ட் ஆயர் லாரன்ஸ் ஷீல், குருக்கள் சூழக் கன்னியர் இல்லத்துக்கு வந்து, முழந்தாளிட்டிருந்த மேரியைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். சகோதரிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். பள்ளிகள் பல மூடப்பட்டன. இமானுவேல் சாலமன் என்னும் யூத வணிகர் வாடகையின்றி வீடளித்துக் கன்னியரைக் காத்தார். ஆயருக்கு எதிராக மேரி எவரையும் தூண்டவில்லை. அதே வேளையில், தம் கருத்திலிருந்து அணுவளவும் பின்வாங்கவுமில்லை. இவ்விரண்டையும் ஒருசேரச் செய்தல் எத்துணை அரிது! 1872 பிப்ரவரியில், மரணப்படுக்கையில் கிடந்த ஆயரே தண்டனையை நீக்கினார். மார்ச் 1இல் மறைந்தார்.

அதனினும் பெரிய இழப்பு பின்னரே நேர்ந்தது எனலாம். 1873இல் மேரி உரோமைக்குச் சென்று பாப்பரசர் ஒன்பதாம் பயஸைக் கண்டார். சபைக்கு ஒரே தலைமை என்னும் கொள்கையை உரோமை ஏற்றது. ஆனால் சொத்தே கூடாதென வுட்ஸ் வகுத்த வறுமை விதியைத் தளர்த்தியது. மேரி பணிந்தார். தம் கனவு சிதைக்கப்பட்டதாகக் கருதிய வுட்ஸ் மனம் கசந்து விலகினார். பகைவரின் சாபத்தைத் தாங்கியவருக்கு ஆசானின் மௌனத்தையும் தாங்க வேண்டியதாயிற்று.

இன்னல்கள் அத்துடன் ஓயவில்லை. 1883இல் வேறோர் ஆயர் அவரை அடிலெய்டை விட்டு வெளியேறச் செய்தார். மருத்துவர் கூற்றுப்படி அருந்திய பிராந்தியும் அவர்மீது பழியாயிற்று. 1885இல் தலைமைப் பொறுப்பு வேறொருவரிடம் சென்றது. அடுத்த ஆண்டு கப்பல் விபத்தில் தாயை இழந்தார். 1899இல் சகோதரிகள் மீண்டும் அவரைத் தலைவியாகத் தெரிந்தெடுக்கும்வரை, தாம் தோற்றுவித்த சபையில் பிறருக்குக் கீழ்ப்படிந்து பணிபுரிந்தார்.

1902இல் நியூசிலாந்தில் இருந்தபோது பக்கவாதம் தாக்கியது, வலப்பக்கம் செயலிழந்தது. அந்நிலையிலும் 1905இல் மறுபடியும் தலைவியானார். 1909 ஆகஸ்ட் 8இல் சிட்னியில் உயிர்நீத்தார். 2010 அக்டோபர் 17இல், ஆஸ்திரேலியாவின் முதற் புனிதராக உரோமையில் அறிவிக்கப்பட்டார்.

1889இல் மறைந்த வுட்ஸின் வாழ்க்கை வரலாற்றையும் மேரி எழுதி வைத்திருந்தார். அது 1997இல் நூலாக வெளிவந்தது.