சினிமாப் பாட்டை நிறுத்திய அமைச்சர்



நம் குடியிருப்பில் பழைய டிரான்சிஸ்டரைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்த மீடியம் வேவில் இனிமேல் யாராவது பாட்டுப் போடுவார்களா, போட்டாலும் கேட்க ஆள் இருக்குமா? இதற்கு நேராகப் பதில் சொல்வதைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். வானொலியில் எந்தப் பாட்டு எடுபடும், எது எடுபடாது என்பதைப் பத்து வருஷம் நாடு முழுக்கப் பரீட்சை வைத்துப் பார்த்தவர் அவர்.

பெயர் பாலகிருஷ்ண விஸ்வநாத் கேஸ்கர். 1903-ல் பிறந்த மராத்தியர். காசி வித்யாபீடத்தில் படித்துவிட்டுப் பாரிஸ் போய் டாக்டர் பட்டம் வாங்கியவர். சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர், காங்கிரஸின் பொதுச் செயலாளராகவும் இருந்தார். இதோடு துருபத் பாட்டும் முறையாகக் கற்றவர். நம் கதைக்கு முக்கியமானது இந்தக் கடைசித் தகுதிதான். சங்கீதம் தெரியாத அமைச்சராக இருந்திருந்தால் வானொலியில் கை வைத்தே இருக்க மாட்டார்.

1952-ல் நேரு அவரைத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் ஆக்கினார். அப்போது அகில இந்திய வானொலி என்றால் மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான். இரண்டுமே ஏ.எம். முறை. எஃப்.எம். என்ற பேச்சே நம் ஊரில் கிடையாது. கேஸ்கருக்கு ஒரு கவலை இருந்தது. சமஸ்தானங்கள் போய்விட்டன, வித்வான்களை ஆதரித்த ராஜாக்கள் இல்லை, இனி அந்த இடத்தில் அரசாங்கம்தான் நிற்க வேண்டும் என்று நினைத்தார். அதில் தப்பு சொல்ல முடியாது. அந்த வருஷமே சங்கீதத்துக்கான தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. சனிக்கிழமை இரவு ஒரு பெரிய வித்வானின் கச்சேரி எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் போகும். தெற்கே இருப்பவர் இந்துஸ்தானி கேட்டார், வடக்கே இருப்பவர் கர்நாடக சங்கீதம் கேட்டார். 1954-ல் வானொலி சங்கீத சம்மேளனம் வந்தது. வாத்தியக்காரர்களைச் சேர்த்து அமைத்த வாத்திய விருந்தா என்ற குழுவில் ரவிசங்கரும் நம் டி.கே. ஜெயராம ஐயரும் பொறுப்பு வகித்தார்கள். சென்னை நிலையத்தில் செம்மங்குடி சீனிவாச ஐயர் சில காலம் கர்நாடக இசைக்குத் தலைமைத் தயாரிப்பாளராக இருந்தார். கலைஞர்களைக் குரல் தேர்வு வைத்துத் தரம் பிரித்துச் சம்பளம் நிர்ணயித்தார்கள். பரீட்சையா, எங்களுக்கா என்று பெரிய வித்வான்கள் சிலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எத்தனையோ கலைஞர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வானொலிக் காசில்தான். வங்கிக் கவுண்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்பதால், மாதம் தவறாமல் கைக்கு வரும் பணத்தின் அருமை எனக்குத் தெரியும்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் கேஸ்கரை எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். அவர் சினிமாப் பாட்டின் மேல் கை வைத்தார். மேல்நாட்டு மெட்டு, தரக்குறைவான வரி, இது ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். சினிமாப் பாட்டுக்குக் கொடுத்த நேரத்தைக் கடுமையாகக் குறைத்தார். பாட்டைப் போடும்போது படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, அது இலவச விளம்பரம் என்றார்கள். தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? பாட்டைப் போடும் உரிமையையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சில மாதங்களில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லை என்றாகிவிட்டது.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் ரேடியோ சிலோன் காத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வெள்ளைக்கார ராணுவம் விட்டுப்போன சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் அவர்களிடம் இருந்தது. 1950-லேயே வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கியிருந்தது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா அங்கிருந்து கிளம்பி வட இந்தியாவையே கட்டிப்போட்டது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனம் முதலான அறிவிப்பாளர்களின் குரல் நம் தென்மாவட்டத் தெருக்களில் கேட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோதுகூட, தீப்பெட்டி ஒட்டும் வீடுகளிலும் டீக்கடை பெஞ்சிலும் இலங்கை வானொலிதான். நாம் இந்திய அரசுக்குத் தபாலாபீஸில் வருஷா வருஷம் ரேடியோ லைசென்ஸ் கட்டிவிட்டுக் கேட்டது கொழும்பை. நம் ஊர்ச் சாமான்களின் விளம்பரப் பணமும் அங்கேயே போனது. காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சரக்கை நீ வைக்காவிட்டால் வாங்குகிறவன் அடுத்த கடைக்குப் போவான்.

இதில் ஒலித் தரத்தை நினைத்துப் பாருங்கள். ஷார்ட் வேவில் பாட்டு அலை மாதிரி ஏறி இறங்கும், நடுவில் இரைச்சல் வரும், சரணத்தின் பாதியில் காணாமல் போகும். உள்நாட்டு நிலையம் அதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் ஜனங்கள் இரைச்சலுக்குள் காதை வைத்துக்கொண்டு கிடந்தார்கள், வேண்டிய பாட்டு அங்கேதானே இருந்தது.

கேஸ்கர் இறங்கி வந்தார் என்றே சொல்ல வேண்டும். மெல்லிசைப் பாட்டுகளை வானொலியே தயாரித்துப் பார்த்தது, அது சினிமாப் பாட்டின் இடத்தைப் பிடிக்கவில்லை. 1957 அக்டோபர் 3-ம் தேதி விவித பாரதி பிறந்தது. பம்பாயிலும் சென்னையிலும் இருந்த 100 கிலோவாட் ஷார்ட் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் அதை நாடெங்கும் கொண்டுபோயின. சினிமாப் பாட்டுக்கு அதில் தாராளமான இடம். போன கூட்டம் மெல்ல மெல்லத் திரும்பியது. 1967-ல் விவித பாரதி விளம்பரமும் வாங்கத் தொடங்கியது.

அதற்குள் கேஸ்கர் பதவியில் இல்லை. 1962-ல் அமைச்சர் பதவி போனது. 1963-ல் பருக்காபாத் இடைத்தேர்தலில் ராம் மனோகர் லோகியாவிடம் தோற்றார். பிறகு நேஷனல் புக் டிரஸ்டின் தலைவராக இருந்தார். இந்திய இசையின் பிரச்சினைகள் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1984-ல் காலமானார். பாட்டைத் தடுத்த அமைச்சர் என்று மட்டும் அவரை நினைப்பது அநியாயம் என்பது என் கட்சி. சனிக்கிழமைக் கச்சேரிகளின் ஒலிப்பதிவுகள் இன்று பொக்கிஷம்.

இப்போது பேரப்பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். கேஸ்கர் காலத்தில் பாட்டு கேட்க வேறு வழி இல்லை, அதனால் இரைச்சலைப் பொறுத்தோம். இன்று எஃப்.எம். இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. மீடியம் வேவில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அதனால் வீணையின் மீட்டும் ஒலி, மிருதங்கத்தின் வலந்தலை நாதம் இதெல்லாம் மழுங்கித்தான் வரும். எஃப்.எம்.மில் அந்தக் குறை இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். பாட்டுக்குப் பேர்போன நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி. என்ற ஏ.எம். நிலையம் 1982 மே மாதம் பாட்டை விட்டுவிட்டுப் பேச்சுக்கு மாறிவிட்டது. நம் நாட்டில் தனியாருக்கு எஃப்.எம். மட்டும்தான் அனுமதி, மீடியம் வேவ் அரசிடமே இருக்கிறது. டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறையை முப்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களில் பொருத்தியிருக்கிறார்கள். ஒலி சுத்தமாக வரும், ஆனால் அதற்கென்று தனி ரேடியோ வேண்டும். அது எத்தனை வீட்டில் இருக்கிறது?

எங்கேயும் கிடைக்கிற சினிமாப் பாட்டை மீடியம் வேவில் போட்டு ஜெயிக்க முடியாது. இரண்டு மணி நேர முழுக் கச்சேரி, நம் கரிசல் காட்டு நாட்டுப்பாட்டு, பழைய ஒலிப்பதிவு என்று போனில் தேடினாலும் சுலபமாகக் கிடைக்காததைப் போட்டால், சின்னதாக ஒரு கூட்டம் சேரும் என்றே நினைக்கிறேன். எஃப்.எம். எட்டாத கிராமத்துக்கும் ராத்திரியில் மீடியம் வேவ் எட்டும்.

வீட்டில் கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: நம் கான்கிரீட் சுவர் இந்த அலையைத் தின்னும், எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும் லிஃப்ட் மோட்டாரும் கரகரப்பைக் கூட்டும். ரேடியோவை ஜன்னல் ஓரமோ பால்கனியிலோ வையுங்கள், அறை விளக்கை அணையுங்கள், பெட்டியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஏரியலுக்குத் திசை உண்டு. நம் பக்கம் பல வருஷம் கேட்ட திருநெல்வேலி நிலையத்தின் இடம் 1197 கிலோஹெர்ட்ஸ். பொழுது சாய்ந்த பிறகு முயன்றால் தூரத்து நிலையங்களும் சிக்கும்.