ரொட்டியில் ஒளிந்திருந்த நோய்

நாம் உண்ணும் உணவுதான் நம் உடலை வளர்க்கிறது. ஆனால், ஊரே விரும்பி உண்ணும் ஓர் உணவு ஒரு சில குழந்தைகளின் உடலை மட்டும் மெல்ல மெல்ல உருக்குலைத்தால் என்ன செய்வது? அந்த உணவு எது என்று யாருக்குமே தெரியாவிட்டால் அக்குழந்தைகளை எவ்வாறு காப்பாற்றுவது?

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பிய மருத்துவர்களை இக்கேள்வி வாட்டியது. நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகள் ஓரிரு வயதில் திடீரென்று மெலியத் தொடங்கினர். வயிறு உப்பியது; கைகால்கள் குச்சிபோல் ஆயின. ஓயாத வயிற்றுப்போக்கு அவர்களை வாட்டியது. உடல் தேற வேண்டும் என்ற கவலையில் பெற்றோர் அவர்களுக்கு ரொட்டியையும் பிஸ்கட்டையும் ஊட்டினர். குழந்தைகளோ மேலும் நலிந்தனர். பலர் இறந்தும் போயினர். ‘சீலியாக்’ என்று அழைக்கப்பட்ட இந்நோயின் புதிரை அவிழ்த்தவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே ஆவார்.

டிக்கே 1905ஆம் ஆண்டு நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தார். லைடன் நகரில் மருத்துவம் பயின்ற அவர், 1929இல் தி ஹேக் நகரிலுள்ள ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்து குழந்தை மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றார். அங்கேதான் சீலியாக் நோயால் வாடிய குழந்தைகளை அவர் நாள்தோறும் பார்க்கும் நிலை ஏற்பட்டது.

இந்நோய் புதியதன்று. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே அரெட்டியஸ் என்னும் கிரேக்க மருத்துவர் இதுபோன்ற ஒரு நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். 1888இல் இலண்டன் மருத்துவர் சாமுவெல் கீ இந்நோயைத் தெளிவாக விவரித்தார். குணப்படுத்த வழி இருக்குமானால் அது உணவில்தான் இருக்க வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு குழந்தைக்கு நாள்தோறும் ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவு டச்சு நாட்டுச் சிப்பி உணவாகக் கொடுக்கப்பட்டது. குழந்தை வியக்கத்தக்க வகையில் தேறியது. ஆனால், சிப்பி கிடைக்கும் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியது. அடுத்த பருவத்தில் சிப்பியைக் கண்டதும் குழந்தை வாயைத் திறக்க மறுத்துவிட்டதாம்!

1924இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை அறிமுகப்படுத்தினார். அம்முறையில் ரொட்டி, தானியங்கள், உருளைக்கிழங்கு ஆகியவை விலக்கப்பட்டன. வாழைப்பழம் நிறையக் கொடுக்கப்பட்டது. பல குழந்தைகள் பிழைத்துக்கொண்டனர். அதனால், வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருக்கிறது என்று எல்லாரும் நம்பினர். குழந்தைகள் பிழைத்ததற்குக் காரணம் அவர்கள் உண்ட பழமன்று, உண்ணாமல் விட்ட ரொட்டியே என்பது அப்போது யாருக்கும் புலப்படவில்லை.

1930களின் நடுப்பகுதியில் டிக்கேயிடம் ஓர் இளம் தாய் தம் குழந்தையைப் பற்றிக் கூறினார். ரொட்டியை நிறுத்தினால் குழந்தையின் தோலிலுள்ள தடிப்பு விரைவில் குறைகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். ஐரோப்பியர்களுக்கு ரொட்டி அன்றாட உணவு. நமக்குச் சோறு எப்படியோ அப்படி. அது தீங்கு செய்யும் என்று ஒரு தாய் சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மருத்துவர்களே மிகுதி. டிக்கே அவ்வாறு செய்யவில்லை. குழந்தையை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பவர் தாய். அவர் கண்டதைத் தாமும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டிக்கே எண்ணினார்.

அவர் சில குழந்தைகளுக்குக் கோதுமையே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களின் எடையையும் உயரத்தையும் தொடர்ந்து குறித்துவந்தார். கோதுமையை நீக்கியபோது குழந்தைகள் வளர்ந்தனர். மீண்டும் சேர்த்தபோது வளர்ச்சி தடைப்பட்டது. இந்தச் சோதனை ஒரு மாதத்திலோ ஓர் ஆண்டிலோ முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகள் பொறுமையாக அவர் இதைத் தொடர்ந்தார். இதற்கிடையில், 1936இல் அம்மருத்துவமனையின் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 31 மட்டுமே.

1941இல் டிக்கே டச்சு மருத்துவ இதழ் ஒன்றில் தம் எளிய உணவுமுறையைப் பற்றி எழுதினார். ரொட்டியும் ரஸ்க்கும் கூடாது என்பதே அதன் அடிப்படை. விலையுயர்ந்த மருந்துகளோ அயல்நாட்டுப் பழங்களோ அதற்குத் தேவைப்படவில்லை. எந்தக் குடும்பமும் பின்பற்றக்கூடிய முறையாக அது இருந்தது. ஆனால், அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நெதர்லாந்து ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. டச்சு மொழியில் வெளிவந்த அக்கட்டுரை உலகின் கவனத்தை ஈர்க்கவில்லை.

1944ஆம் ஆண்டு இறுதியில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியைக் கொடிய பஞ்சம் தாக்கியது. உணவு வரும் வழிகள் அடைபட்டன. குளிரும் பசியும் மக்களை வாட்டின. மக்கள் துலிப் மலர்ச்செடியின் கிழங்குகளைக்கூட அவித்து உண்டனர். ‘பசிக் குளிர்காலம்’ என்று வரலாறு குறிப்பிடும் அந்தக் காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அப்போது டிக்கே ஒரு விந்தையைக் கண்டார். ஊரே மெலிந்துகொண்டிருந்த வேளையில் சீலியாக் நோய்க் குழந்தைகளின் நிலை சீரடைந்தது. ஏனெனில், அவர்களுக்கு ரொட்டி கிடைக்கவில்லை. பின்னர், வெளிநாட்டு உதவியாக ரொட்டி வந்து சேர்ந்தபோது ஊரார் மகிழ்ந்தனர்; அக்குழந்தைகளோ மீண்டும் நோயுற்றனர்.

டிக்கே இந்தப் பஞ்சத்தின்போதுதான் உண்மையைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. பஞ்சத்திற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் கோதுமையை ஐயுற்றுச் சோதனைகளைத் தொடங்கியிருந்தார். பஞ்சம் அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்தியது. அவர் முன்பே கவனித்து வந்ததால்தான் அந்தக் கொடிய காலம் காட்டிய சான்றை அவரால் அடையாளம் காண முடிந்தது.

போர் முடிந்தது. இனி, உலகம் ஏற்றுக்கொள்ளும் வகையில் உண்மையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. குழந்தை தேறிவிட்டது என்று சொன்னால் மட்டும் போதாது. அதை எண்களால் காட்ட வேண்டும். சீலியாக் நோயாளியின் குடல் கொழுப்பைச் சரியாக உறிஞ்சுவதில்லை. ஆகவே, மலத்தில் கொழுப்பு மிகுதியாக வெளியேறும். அதை அளப்பதற்கான நல்ல முறையை உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த வேதியியல் அறிஞர் வான் டெ காமர் உருவாக்கினார். அவரும், வெயர்ஸ் என்னும் குழந்தை மருத்துவரும் டிக்கேயுடன் இணைந்தனர்.

மூவரும் ஒவ்வோர் உணவாகச் சோதித்தனர். அரிசி, சோளம், உருளைக்கிழங்கு ஆகியவற்றால் தீங்கில்லை. கோதுமையும் ரை என்னும் தானியமும் நோயைத் தூண்டின. 1950இல் டிக்கே தம் முடிவுகளை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடாகச் சமர்ப்பித்தார்.

அடுத்து, கோதுமையில் எந்தப் பகுதி தீங்கு செய்கிறது என்று ஆராய்ந்தனர். பரோட்டா மாவைப் பிசைந்து இழுத்தால் அது அறுபடாமல் நீள்வதை நாம் பார்த்திருப்போம். அந்த இழுவைத் தன்மைக்குக் காரணம் ‘குளூட்டன்’ என்னும் புரதம். பிசைந்த கோதுமை மாவைத் தண்ணீரில் அலசினால் மாவுச்சத்து கரைந்து போய்விடும். ரப்பர் போன்ற குளூட்டன் கையில் எஞ்சும். கோதுமையின் மாவுச்சத்து குழந்தைகளுக்குத் தீங்கு செய்யவில்லை என்பதையும் குளூட்டனே நோயைத் தூண்டியது என்பதையும் அவர்கள் கண்டறிந்தனர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலும் ஓர் ஆய்வுக்குழு இதைச் சோதித்து 1952இல் உறுதிப்படுத்தியது. டிக்கே குழுவினரின் கட்டுரை 1953இல் அனைத்துலக இதழில் வெளிவந்தது. ஐயங்கள் நீங்கத் தொடங்கின.

1957இல் டிக்கே உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகவும், அந்நகரின் வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராகவும் பொறுப்பேற்றார். 1962இல் தம் 57ஆம் வயதில் அவர் மறைந்தார். நெதர்லாந்தின் குடல்நோய் மருத்துவர்கள் அவருடைய பெயரால் தங்கப் பதக்கம் ஒன்றை ஏற்படுத்தி அவரைச் சிறப்பித்துள்ளனர்.

டிக்கே தொடங்கி வைத்த பணியைப் பிறர் தொடர்ந்தனர். சீலியாக் நோயாளி குளூட்டனை உண்டால் அவருடைய நோய் எதிர்ப்பு ஆற்றல் அவரது சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து போகின்றன. அதனால், எவ்வளவு உண்டாலும் சத்து உடலில் சேர்வதில்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் விலக்கினால் குடல் தேறிவிடுகிறது. டிக்கே வகுத்த வழியே இன்றும் இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சையாகும்.

வாழ்நாள் முழுதும் உணவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால், விருந்துகளை மறந்துவிட வேண்டுமா? தேவையில்லை. உயர்தர உணவகங்களில் இன்று ‘சுவை விருந்து’ பரிமாறப்படுகிறது. தலைமைச் சமையற்கலைஞர் தேர்ந்தெடுத்த எட்டு, பத்து சிறு உணவு வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேசைக்கு வரும். என்ன வரும் என்பதைச் சமையலறையே முடிவு செய்யும். குளூட்டன் உண்ணக் கூடாதவர் முன்பதிவு செய்யும்போதே அதைத் தெரிவித்துவிட வேண்டும். அப்போது, கோதுமை கலந்த சோயா சாற்றுக்குப் பதிலாகக் கோதுமை இல்லாத சாறு சேர்க்கப்படும். குழம்பைக் கெட்டியாக்க மைதாவுக்குப் பதில் சோளமாவு பயன்படும். இனிப்புப் பண்டத்தில் பாதாம் மாவு இடம்பெறும். வெட்டும் பலகையும் பொரிக்கும் எண்ணெயும் தனியாக வைக்கப்படும். ஏனெனில், ரொட்டித் துகள் சிறிதளவு கலந்தாலும் தீங்கு நேரும். ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று கூறக் கூடாது என்பது அனைத்துலக உணவுத் தரவிதி.

நம் சமையலறையிலும் இதை எண்ணிப் பார்க்கலாம். இட்லி, இடியாப்பம், அரிசிப் புட்டு ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. சப்பாத்தி, பரோட்டா, ரவை உப்புமா ஆகியவற்றில் அது உண்டு. சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலந்திருக்கலாம். ஆகவே, இந்நோய் உள்ள நண்பர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தால், சிறிதளவு உண்டால் ஒன்றும் ஆகாது என்று வற்புறுத்தக் கூடாது. என்னென்ன சேர்த்துச் சமைத்தோம் என்பதை மறைக்காமல் சொல்வதே சிறந்த விருந்தோம்பல்.

டிக்கே புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தாய் சொன்னதைச் செவிமடுத்தார்; அது உண்மையா என்று பல ஆண்டுகள் பொறுமையுடன் சோதித்தார்; பிறர் ஏற்கும்படி மெய்ப்பித்தார். அதன் பயனாக, ஒருகாலத்தில் உயிர் பிழைப்பதே அரிதாயிருந்த குழந்தைகள் இன்று வளர்ந்து பெரியவர்களாகி, மற்றவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து அச்சமின்றி விருந்துண்கிறார்கள்.